கோர்ட் கலையும்வரை

நம் வழக்கறிஞர் சங்க நூலக அறையில் பேராசிரியரின் படத்தை மாட்ட முடிவு செய்திருப்பதாகவும், படத்தின் அடியில் எழுதுவதற்கு அவருடைய புகழ்பெற்ற வழக்குகளைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் அவரை, ஆண்டு விழாவின் முன்வரிசையில் அமர்ந்து, போட்ட மாலையை உடனே கழற்றிப் பக்கத்தில் இருப்பவர் மடியில் வைத்துவிடும் முதியவராக மட்டுமே அறிவீர்கள். பக்கத்தில் இருந்தவன் பெரும்பாலும் நான். எனவே என்னிடம் கேட்டது பொருத்தமே.

ஆனால் அவர் புகழ்பெற்ற வழக்கு எதையும் நடத்தவில்லை. சட்ட இதழ்களைப் புரட்டினால் அவர் பெயர் அகப்படாது. அவர் நடத்தியவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியது என்று நான் கருதுவது ஒன்று உண்டு. அதைச் சொல்லப் படத்தின் அடியில் இடம் போதாது. ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் சென்னையில் சட்டம் படித்தபோது அவர் எங்களுக்குச் சாட்சியச் சட்டம் நடத்தினார். விடை தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. "விடை தெரிஞ்சுபோச்சுங்கிறதுக்காக மட்டும் எந்தக் கேள்வியையும் கேட்டுறாதீங்க" என்பார். நாங்கள் அதை ஒரு சாமர்த்தியமான வாக்கியமாக எடுத்துக்கொண்டு சிரித்தோம். அவர் சிரித்ததில்லை.

நான் விருதுநகரில் தொழில் தொடங்கிய மறு ஆண்டு, கல்லூரி வேலையை விட்டுவிட்டு அவர் வந்து சேர்ந்தார். அவருக்கும் அதுதான் சொந்த ஊர். தந்தை காலமாகிவிட்டார், தாய் சென்னைக்கு வர மறுத்துவிட்டார். காரணம் அவ்வளவே. தெப்பக்குளத்துக்கு அருகில் மிளகாய் வற்றல் மூட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் எனக்கு ஓர் அறை இருந்தது. அதில் பாதியை அவர் கேட்டார். ஆசிரியருக்கு அறையில் பாதியைத் தருவது எப்படி என்று நான் தயங்கியபோது, "அப்ப முழுசையும் தந்துருங்க" என்றார். அன்று முதல் அந்த அறையில் நான் அவருக்கு ஜூனியர். சில ஆண்டுகளில் சக வழக்கறிஞர். எப்போது நண்பனானேன் என்பதற்குச் சாட்சியம் இல்லை.

கீழே மூட்டை பிரித்தால் மாடியில் தும்மல் தொடங்கிவிடும். கட்சிக்காரர் தும்முவார், குமாஸ்தா தும்முவார், சட்டத்தின் நுட்பமான கட்டத்தில் பேராசிரியர் தும்முவார். வெளியூரிலிருந்து வருபவர்களில், எங்கள் அறையில் எல்லோரும் கண்ணீரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வழக்கு தோற்றுவிட்டது போலிருக்கிறது என்று எண்ணித் திரும்பிப் போனவர்களும் உண்டு.

அவருடைய முதல் வழக்கில் அவர் தோற்றார். வற்றல் காயப்போடும் களத்துக்குப் போகிற வண்டிப்பாதையைப் பற்றிய தகராறு. நீதிபதி ஆவணங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்லிப் பேனாவையும் எடுத்துவிட்டார். பேராசிரியர் உட்கார்ந்திருக்கலாம். அவர் எழுந்து, பாதை உரிமையின் தோற்றத்திலிருந்து தொடங்கினார். வகுப்பறையில் மணி அடிக்கும். நீதிமன்றத்தில் யார் அடிப்பது? மதிய உணவு நேரத்துக்குள் நீதிபதிக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. மாலைக்குள் அந்தச் சந்தேகம் தீர்ப்பாகிவிட்டது.

எங்கள் கட்சிக்காரர் வற்றல் வியாபாரி. படியிறங்கும்போது மரியாதையாகவே சொன்னார்: "ஐயா ரொம்ப நல்லாப் பேசுனீக. இன்னும் கொஞ்சம் மோசமாப் பேசியிருந்தீகன்னா செயிச்சிருப்போம்."

அந்த வாக்கியத்தைப் பேராசிரியர் வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். நான் கருதுவது, அன்றைக்குத்தான் அவர் வழக்கறிஞர் ஆனார் என்று. இனி நான் சொல்லப்போவது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நடந்தது.

சிவகாசியிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் போகும் சாலையில் ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனி. அங்கே சங்கையா என்பவர் போர்மேன். வெடிமருந்து நிரப்பும் ஷெட்டுக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவருடையது. தினமும் காலையில் ஷெட்டின் வாசலில் நிற்பார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து காலைக் காட்ட வேண்டும். செருப்பு கூடாது. காலில் மண் இருந்தால் ஈரச் சாக்கில் துடைக்க வேண்டும். மருந்து இருக்கும் இடத்தில் ஒரு மணல் பொடி உரசினாலும் தீப்பிடிக்கப் போதும். கொலுசு, மெட்டி எதுவும் உள்ளே போகாது. வாசலுக்கு வெளியே சுவரோரமாகத் தேங்காய்ச் சிரட்டைகள் வரிசையாக இருக்கும். மெட்டியைக் கழற்றித் தன் சிரட்டையில் போட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அந்த வட்டாரத்தில் சங்கையாவுக்குக் 'கால் பாக்குற அண்ணாச்சி' என்றே பெயர்.

கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண்களுக்கு மட்டும் அங்கே வேறு ஏற்பாடு. புதுப்பெண்ணிடம் மெட்டியைக் கழற்று என்று ஒரு ஆண் சொல்வது, கேட்கக்கூடாத சொல். அதனால் அவர்களை ஷெட்டுக்குள் விடாமல், மரத்தடியில் காகிதம் சுற்றும் வேலையில் உட்கார வைத்துவிடுவார்கள். யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் அது தீபாவளி சீசன். வடக்கேயிருந்து வந்த ஆர்டருக்கு லோடு ஏற்றியாக வேண்டும், ஆள் பற்றவில்லை. மரத்தடியில் இருந்தவர்களையும் ஷெட்டுக்குள் அனுப்பும்படி மேனேஜர் சொன்னார். லைசென்ஸில் சொல்லப்பட்டதைவிடக் கூடுதலானவர்கள் உள்ளே போனார்கள். அவர்களில் ஒருவர் பொன்னுத்தாய். மணமாகி இரண்டு மூன்று மாதங்கள்தான் ஆகியிருக்கும்.

அன்று முற்பகலில் ஷெட் பற்றிக்கொண்டது. மற்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். கூட வேலை செய்துகொண்டிருந்த, பொன்னுத்தாயின் கணவருடைய தங்கை மட்டும் வரவில்லை. கல்யாணம் பேசி முடித்திருந்த பெண். பொன்னுத்தாய் திரும்ப உள்ளே போய் நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். இழுத்த கை வெந்துபோனதுதான் மிச்சம். அந்தப் பெண் இறந்துவிட்டார்.

கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகவும், லைசென்ஸுக்கு மேல் ஆட்களை உள்ளே வைத்ததாகவும் சங்கையா மீது வழக்கு. முதலாளியின் பெயர் வழக்கில் இல்லை. அது எப்படி என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. முதலாவது நிரூபணமானால் சங்கையா இரண்டு ஆண்டுவரை சிறையில் இருக்க நேரும்.

எங்கள் அறைக்கு அவரை அழைத்து வந்தவர் கம்பெனி மேனேஜர். பேச்சையும் மேனேஜரே தொடங்கினார்.

"சார், இது ரொம்ப லேசான கேஸு. தீ கெளம்புனது அந்தப் புதுப்பொண்ணு உக்காந்திருந்த பக்கம். அது மெட்டியோட உள்ள போயிருக்கு. போர்மேன் கழத்தச் சொன்னாரு, அது ஒளிச்சுக்கிட்டுப் போயிருச்சு. கூண்டுல வச்சு நாலு வார்த்த கேட்டீங்கன்னா முடிஞ்சுபோச்சு."

பேராசிரியர் சங்கையாவைப் பார்த்தார். "கழத்தச் சொன்னீகளா?"

சங்கையா மேனேஜரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இல்லைங்கய்யா. அந்தப் புள்ளையோட மாப்பிள்ள எனக்கு மகன் முறை. அது எனக்கு மருமக. வாசல்ல வந்து நின்னுச்சு. வெள்ளி மின்னுச்சு, பாத்தேன். எப்படிய்யா சொல்ல? தலையக் குனிஞ்சுக்கிட்டேன். உள்ள போயிருச்சு."

"யோவ், நான் என்ன சொல்லிக் கூட்டியாந்தேன், நீ என்ன சொல்லுத?" என்றார் மேனேஜர்.

"நடக்காத ஒண்ண நடந்துச்சுன்னு ஒரு சாட்சிகிட்ட நான் கேள்வியாப் போட முடியாது" என்றார் பேராசிரியர். "வக்காலத்துல கையெழுத்துப் போடப்போறது அவரா, நீங்களா?"

 சங்கையா கையெழுத்துப் போட்டார்.

பொய்யான கேள்வி அதோடு ஒழிந்தது. ஆனால், இளம் நண்பர்களே, நம் தொழிலில் பொய்யான கேள்வியை விலக்குவது பெரிய காரியம் அன்று. உண்மையான கேள்வி மிச்சமிருந்தது. 'அன்றைக்கு உன் காலில் மெட்டி இருந்ததா?' போர்மேன் தடுத்தார் என்று சொல்ல வேண்டாம். ஒளித்தாய் என்று குற்றம் சாட்ட வேண்டாம். அந்த ஒரு கேள்வி மட்டும் போதும். சத்தியம் செய்து கூண்டில் ஏறியவர், இருந்தது என்று சொல்லியாக வேண்டும். தீக்குக் காரணம் கூட்டமா, மெட்டியா என்று ஐயம் எழும். ஐயத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அதை ஒரு பாராவாக எழுதி அவர் மேசையில் வைத்தேன். இன்று எடுத்துப் படித்தாலும் பிழையில்லாத பாரா என்றுதான் சொல்வேன்.

அவர் படித்தார். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"புருஷன் வீட்டில்தான், சார்."

"செத்துப்போன பொண்ணு வீடும் அதுதானே?"

"ஆமாம்."

அவர் பாராவை மடித்துச் சட்டப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

வழக்கு விசாரணைக்கு முந்தைய வாரம் சங்கையாவின் மனைவி கணவரையும் இழுத்துக்கொண்டு வந்தார். கீழே அன்று வற்றல் மூட்டைகளைப் பிரித்திருந்தார்கள். அந்த அம்மாள் உட்கார மறுத்துவிட்டார்.

"ஐயா, மேனேஜர் சொல்லுதாக, அந்தப் புள்ளைகிட்ட மெட்டியப் பத்திக் கேட்டா இவுக வெளிய வந்துருவாகளாம். நீங்க கேக்க மாட்டேங்கீகளாம்."

"கேக்க மாட்டேன்னு நான் சொல்லலம்மா. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எம் புள்ளைகளுக்கு யாரு இருக்கா?" என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். "ஊரு பூராம் கால் பாக்குற ஆளு. பாக்க வேண்டிய ஒரு காலப் பாக்காம விட்டாச்சு. இப்ப வாயையும் தொறக்க மாட்டேங்காக."

"ஏ, சும்மா இரு" என்றார் சங்கையா. "அந்தப் புள்ளைய அந்த வீட்டுல வச்சிருக்காகன்னா, இன்னும் அவுகளுக்கு இது தெரியாது. தெரிஞ்சா அன்னைக்கே முடியப் புடிச்சு வெளிய தள்ளிருவாக. மகளக் கொன்னவன்னு ஆயிரும். அது எங்க போகும்? ஆத்தா அப்பன் கெடையாது."

"நீங்க ஜெயிலுக்குப் போனா நான் எங்க போவேன்? அதச் சொல்லுங்க."

 மிளகாய் நெடியில் எல்லோர் கண்களும் கலங்கியிருந்தன. ஆகவே யார் அழுதார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

பேராசிரியர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர வெளிய கொண்டுவர்றது என் வேல. அதுல குறை வைக்க மாட்டேன். ஆனா எந்தக் கதவு வழியாக் கொண்டுவரணும்னு என்னை முடிவெடுக்க விடுங்க" என்றார்.

"கதவு எதுவானா என்ன ஐயா, ஆள் வந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் படியிறங்கினார். இறங்கும்போதும் கணவரைத் திட்டிக்கொண்டேதான் போனார்.

சாத்தூர் நீதிமன்றத்தில் விசாரணை. பஸ்ஸில் போகும்போது நான் மீண்டும் வாதாடினேன். நம் கடமை நம் கட்சிக்காரருக்கு மட்டுமே. சாட்சியின் குடும்ப வாழ்க்கையைக் காப்பது நம் பொறுப்பன்று. அந்தப் பொறுப்பை ஏற்றால் யாருக்காகவும் வாதாட முடியாது என்றேன். இவை யாவும் அவரே எனக்குக் கற்பித்தவை. அவர் மறுக்கவில்லை. "ரொம்பச் சரி" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "உங்க வாதத்துல பிழை இல்ல. அதுதான் கஷ்டம்" என்றார்.

கூடுதல் ஆட்களை உள்ளே வைத்த குற்றத்தை, கேட்டவுடனேயே சங்கையாவை ஒப்புக்கொள்ளச் செய்தார் பேராசிரியர். அது நடந்தது, மறுப்பதற்கில்லை. மரணத்துக்குக் காரணமானார் என்ற குற்றச்சாட்டை மட்டும் எதிர்த்தோம். தீ எதனால் தொடங்கியது என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று சோதனைக்கு வந்திருந்த அதிகாரி சாட்சியம் அளித்தார். அதன் பிறகு பொன்னுத்தாய் கூண்டில் ஏறினார்.

வலது கையில் இன்னும் கட்டுப் போட்டிருந்தது. அரசு வழக்கறிஞர் கேட்டவற்றுக்கெல்லாம் தணிந்த குரலில் விடை சொன்னார். தீயைப் பார்த்தது, ஓடியது, திரும்பப் போனது, கையைப் பிடித்தது. அவருடைய மாமனாரும் கணவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அரசு வழக்கறிஞர் கேட்டு முடித்தார். மாஜிஸ்திரேட் எங்கள் பக்கம் பார்த்தார்.

பேராசிரியர் எழுந்தார். நான் எழுதிய பாரா அவர் எதிரில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் மேனேஜர் தொண்டையைச் செருமினார். சங்கையாவின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பொன்னுத்தாய், பேராசிரியர் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும், குனிந்து இடது கையால் புடவைக் கரையை இழுத்துக் கால் விரல்களை மூடிக்கொண்டார்.

அதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"சாட்சி ரொம்ப நேரமா நிக்கிறாங்க. ஒரு ஸ்டூல் கொடுக்க உத்தரவிடணும்" என்றார்.

கோர்ட் சேவகரான டவாலி ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அரசு வழக்கறிஞரின் முகத்தில் எச்சரிக்கை தெரிந்தது. உட்கார வைத்துக் கேட்கும் கேள்வி நீளமாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொன்னுத்தாய் உட்கார்ந்தார்.  பேராசிரியர் பாராவைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார். தம் கட்சிக்காரரைப் பார்த்தார். சங்கையா தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் இல்லை என்பதுபோல மிக லேசாக அசைத்தார்.

"இந்தச் சாட்சிக்கு என் தரப்பில் கேள்வி எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் உட்கார்ந்தார்.

மேனேஜர் எழுந்து வெளியே போனார். சங்கையாவின் மனைவி எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பொன்னுத்தாய்க்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. போகலாம் என்று டவாலி இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் இறங்கினார்.

அன்று தேநீர்க் கடையில் அரசு வழக்கறிஞர் எங்களோடு வந்து நின்றார். நல்ல மனிதர், நீதிமன்றத்துக்கு வெளியே பகை வைத்துக்கொள்ளாதவர்.

"என்ன சார் இப்படி ஏமாத்திட்டீங்க? உங்க கம்பெனி மேனேஜர் எங்க ஆபீஸ் வாசல்லயே மெட்டி மெட்டின்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சாரு. கேப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"கேட்டிருந்தா?" என்றார் பேராசிரியர்.

"மெட்டி இருந்துச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லும். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேப்பேன். 'மெட்டியோட உன்ன உள்ள விட்டது யாரு?' முடிஞ்சுபோச்சு. தீக்குக் காரணம் தெரியலன்னு இப்ப என் வழக்குல ஒரு ஓட்டை இருக்குல்ல, அதை நீங்களே அடைச்சுக் கொடுத்திருப்பீங்க. போர்மேன் நேரா உள்ள."

"நீங்களே முதல்ல கேட்டிருக்கலாமே?" என்றேன் நான்.

"அரசுத் தரப்புச் சாட்சிய நானே எதுக்குய்யா சந்தி சிரிக்க வைக்கணும்? அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க" என்று சிரித்தார் அவர்.

என் பாராவில் பிழையில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஒரு வாதம் பிழையில்லாமலும் இருக்கலாம், கட்சிக்காரரைச் சிறைக்கு அனுப்புவதாகவும் இருக்கலாம். பாராக்கள் நீதிமன்றத்தில் தனியாக நிற்பதில்லை. அடுத்து எழுந்திருப்பவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார்.

மரணத்துக்குக் காரணமான குற்றச்சாட்டிலிருந்து சங்கையா விடுதலை பெற்றார். ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு ஒரு சிறிய அபராதமும், அன்று கோர்ட் கலையும்வரை காவலும் விதித்தார் மாஜிஸ்திரேட். இந்தத் தண்டனையை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். தண்டிக்கப்பட்டவர் அன்றைய அலுவல் முடிந்து நீதிபதி எழுந்து போகும்வரை அதே அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

சங்கையா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தார். பேராசிரியர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

டவாலிக்கு அது முறையாகப் படவில்லை. "ஐயா, நீங்க போகலாமே" என்று குனிந்து சொன்னார்.

"அப்படியா? என்னையும் சேத்துத்தான்னு நெனச்சேன்" என்றார் பேராசிரியர்.

நானும் போய் உட்கார்ந்தேன். மற்ற வழக்குகள் நடந்துகொண்டிருந்தன. பழக்கத்தின் காரணமாகச் சங்கையா, உள்ளே வருகிறவர்கள் ஒவ்வொருவர் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்துப் பேராசிரியரின் காதருகில், "ஐயா, தப்பா நெனைக்காதீக. உங்க இடது செருப்புல ஆணி கெளம்பியிருக்கு. எங்க கம்பெனின்னா வாசலோட திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார்.

மதியம் சங்கையாவின் மனைவி தூக்குச்சட்டியில் தயிர்ச்சோறும் வெள்ளரிப் பிஞ்சும் கொண்டுவந்தார். அறையைவிட்டு அகலக்கூடாது என்பதால் வராந்தாவின் ஓரத்தில் வைத்துச் சாப்பிட அனுமதி கிடைத்தது. எங்களுக்கும் வாழையிலைத் துண்டு போட்டார். "ஜெயிலுக்குப் போவாகன்னு பயந்தேன். பெஞ்சுல உக்கார வச்சிருக்காக. கல்யாணம் முடிஞ்ச நாள்லேருந்து வீட்டுல ஒரு பொழுது இப்படி ஒரு எடத்துல உக்காந்தவுக இல்ல. மாசம் ஒருக்கா இந்தத் தண்டனைய எழுதிக் குடுக்கச் சொல்லுங்கய்யா" என்றார். சங்கையா அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மாலையில் மாஜிஸ்திரேட் எழுந்தார். எல்லோரும் எழுந்தோம். சங்கையா மட்டும் எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். பேராசிரியர் அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

சங்கையா குற்றமற்றவர் என்று உங்களிடம் நான் வாதாடவில்லை. ஒரு பெண் இறந்தார். தலையைக் குனிந்துகொண்ட அந்தக் கணத்தை அவர் மறக்கவில்லை. பின்னர் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, பெண்களின் காலைப் பார்க்க வயதான பெண் ஒருவரையே வாசலில் நிறுத்த வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தார். கல்யாணமாகி வருஷம் திரும்பாதவர்களை எந்தச் சீசனிலும் உள்ளே விட்டதில்லை என்று கேள்விப்பட்டேன்.

பேராசிரியரிடம் நான் கேட்காமல் இருந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பல ஆண்டுகள் கழித்து, அறுபதுகளின் இறுதியில் ஒரு நாள் கேட்டேன். அரசு வழக்கறிஞரின் அந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே கண்டுகொண்டதால் உட்கார்ந்தீர்களா, அல்லது அந்தப் பெண்ணுக்காக உட்கார்ந்தீர்களா?

"பரீட்சையில கேட்டா சட்டக் காரணத்த எழுதுங்க. மார்க் அதுக்குத்தான்" என்றார்.

"பரீட்சையில கேக்கலன்னா, சார்?"

"கேக்கலன்னா எதுக்கு எழுதணும்?" என்று சொல்லிவிட்டுத் தும்மினார். கீழே மூட்டை பிரித்திருந்தார்கள்.

இதிலிருந்து விதி எதையும் நீங்கள் உருவாக்கிக்கொள்ள வேண்டாம். சாட்சியைக் கேட்காமல் உட்காருவது பல நேரங்களில் சோம்பலே. சில நேரங்களில் கோழைத்தனம். கட்சிக்காரரை விட்டுக்கொடுத்துச் செய்யும் கருணை நம் தொழிலில் துரோகத்துக்குச் சமம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கட்சிக்காரருக்கு நல்லதும் சாட்சிக்கு நல்லதும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று, அது இல்லை என்று எல்லோரும் சொன்ன பிறகும், நின்று தேடினார். தேடுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம், ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போடுகிற நேரம்.

சென்ற மாதம் அவர் மறைந்தார். நிறைந்த வயது, அதிக வேதனை இல்லை. அதற்கு முந்தைய வாரம் கூட அந்த வற்றல் வியாபாரியின் வாக்கியத்தைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். நீங்கள் பலரும் மாலையோடு வந்திருந்தீர்கள். மதியத்துக்கு மேல், வெயிலில் நடந்து வந்த ஒரு வயதான அம்மாள் உள்ளே நுழைந்து, தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பேராசிரியரின் மகள் அருகில் வந்து, எந்த ஊர் என்று விசாரித்தார்.

"தாயில்பட்டிப் பக்கம், தாயி."

"அப்பாவுக்குச் சொந்தமா?"

"சொந்தமில்ல. ஒரு கேஸுல எனக்கு எதிர் வக்கீலு."

 நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாளின் வலது கை மடியில் இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தழும்பேறியிருந்தன.

"கேக்கப் போறாகன்னு நடுங்கிக்கிட்டே நின்னேன்" என்றார் அவர், மகளிடம். "எந்திரிச்சாக. எம் மூஞ்சியப் பாத்தாக. உக்காருறதுக்கு ஒரு ஸ்டூலு போடச் சொன்னாக. ஒண்ணும் கேக்கல. அவுக உக்காந்துட்டாக."

"என்ன கேப்பாங்கன்னு பயந்தீங்க?"

 "இன்னும் அதே வீட்டுலதான் தாயி இருக்கேன்" என்றார். "பேரன் பேத்தி எடுத்தாச்சு."

என் கண்கள் அவருடைய கால்களை நோக்கிப் போகத்தான் பார்த்தன. அவற்றைப் பார்க்க நான் தலையைக் குனியவில்லை.

எங்கள் அறையின் கீழே மிளகாய்க் கிட்டங்கி போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. அங்கே இப்போது ஒரு துணிக்கடை. ஆகவே அன்று என் கண்கள் கலங்கியதற்கு நான் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இருக்கவில்லை. நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

பேராசிரியரை எடுத்துக்கொண்டு போனார்கள். என் முழங்கால்கள் இடுகாடுவரை நடக்க ஒத்துழைப்பதில்லை. வீடு மெல்லக் காலியாயிற்று. அந்த அம்மாளின் பேரன் இரண்டு முறை வந்து, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட்டான். போனவர்கள் திரும்பி வரட்டும் என்று அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நானும் எழுந்திருக்கவில்லை.